மலையில் இருந்தபடி பெரிய நிதி நிறுவனத்தில் மென்பொருள் வேலை: புதிதாகச் சேர்பவர்களுக்கு

கோத்தகிரி மார்க்கெட்டில் என்னைப் பிடித்து நிறுத்துகிற பிள்ளைகள் கேட்பது மூன்றுதான். சம்பளம் எவ்வளவு வரும், வீட்டிலிருந்தே பார்க்கலாமா, ஜாவா போதுமா இல்லை பைத்தானும் வேண்டுமா. கையில் ஆஃபர் லெட்டர் இருக்கும். ஆனால் சேரப் போகிற இடத்தில் காலையில் உட்கார்ந்தால் மாலைவரை என்ன வேலை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பதினோரு வருடமாக ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் தொழில்நுட்ப மையத்தில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் பெங்களூரு. பிறகு வீட்டோடு வந்துவிட்டேன். மாதத்தில் சில நாள் மட்டும் மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிக் கோயம்புத்தூர் அலுவலகம். கடை வாசலில் நின்று துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கோடு, அதாவது புரோகிராம், எழுதுவது பாதிகூடக் கிடையாது. யார் செய்தது, எப்போது செய்தது, யார் அனுமதித்தது, தப்பானால் எப்படித் திருப்புவது: இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் இருந்தால்தான் செய்த வேலை செய்ததாகக் கணக்கு. இது பிடிக்காதவர்கள் சின்ன ஸ்டார்ட்அப் பக்கம் போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை. தெரியாமல் வந்து ஆறே மாதத்தில் வெறுத்துப் போனவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

சேருவதற்கு முன்னால்: பெயர், கடன், அப்பாவின் ஹோம்ஸ்டே

பெயரிலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊர் இனிஷியல், பின்னணி சரிபார்க்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் பி. ரமேஷ், பான் கார்டில் ரமேஷ் போஜன், ஆதாரில் ரமேஷ் பி, டிகிரியில் இனிஷியலே இருக்காது. நமக்கு எல்லாம் ஒரே ஆள். அவர்கள் கணினிக்கு நாலு ஆள். வேலை தேடத் தொடங்கும்போதே ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். மார்க்‌ஷீட்டை மாற்ற முடியவில்லை என்றால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி கையெழுத்தோடு ஓர் அஃபிடவிட் எடுத்து வையுங்கள். சேரும் தேதிக்கு முந்தின வாரம் இதற்காக வக்கீலைத் தேடி ஓடியவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

அடுத்தது கடன். நிதித் துறையில் சில நிறுவனங்கள் உங்கள் கிரெடிட் ஸ்கோரையும் பார்க்கும். கல்விக் கடன் இருப்பது குற்றமில்லை. தவணை தவறியிருந்தால் கேள்வி வரும். கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் வேலைக்கு ஆபத்து.

மூன்றாவதுதான் நம் மலைக்காரர்கள் கோட்டை விடுகிற இடம். சேர்ந்ததும் ஒரு படிவம் வரும்: வெளியே வேறு தொழில் உண்டா, பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு உண்டா, நெருங்கிய உறவினர் யாராவது பங்குத் தரகு நிறுவனத்தில் இருக்கிறார்களா. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் வீட்டு மாடியில் அப்பா இரண்டு அறையை ஹோம்ஸ்டேயாக விட்டிருப்பார், பதிவு நம் பெயரில் இருக்கும். அது வெளித் தொழில்தான். எழுதிவிட்டால் பெரும்பாலும் அனுமதி கொடுத்துவிடுவார்கள். எழுதாமல் விட்டால் அது மறைப்பு. டீமேட்டும் அப்படியே. பங்கு வாங்குமுன் ஒவ்வொரு முறையும் முன் அனுமதி கேட்க வேண்டும், வாங்கியதைக் குறைந்தது இத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் பக்கமே போகக் கூடாது என்றெல்லாம் விதி இருக்கும். பல இடங்களில் உங்கள் மனைவி அல்லது கணவரின் கணக்கும் இதில் அடங்கும். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிமுறைகளை (உள்ளே இருந்து தெரிந்த ரகசியத்தை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுப்பவை) பார்த்தால் இந்தக் கெடுபிடி எங்கிருந்து வருகிறது என்று புரியும். ‘நான் வெறும் டெஸ்டிங்தான் பார்க்கிறேன்’ என்பதெல்லாம் எடுபடாது.

முதல் மாதம்: சும்மா இருப்பதற்குத்தான் சம்பளம்

லேப்டாப் வரும். அதில் யுஎஸ்பி வேலை செய்யாது, சொந்த மெயில் திறக்காது, பாதி இணையதளம் வராது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனியாக அனுமதி கேட்டு டிக்கெட் (கோரிக்கைப் பதிவு) போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் ஒப்புதல். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே திறக்காது. புதுசாக வருகிறவர்கள் இதில்தான் பயந்து போகிறார்கள். ‘வேலையே கொடுக்க மாட்டேங்கிறாங்கண்ணா, தூக்கிடுவாங்களோ’ என்று ராத்திரி போன் வரும். தூக்க மாட்டார்கள், எல்லோருக்கும் இதே கதைதான். கேட்ட அனுமதிகளை ஒரு தாளில் தேதியோடு எழுதி வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள்.

அந்த நாட்களில் செய்யவே கூடாத ஒன்று உண்டு. நிறுவனத்தின் கோடையோ ஆவணத்தையோ ‘ராத்திரி படிச்சுக்கலாம்’ என்று சொந்த மெயிலுக்கு அனுப்புவது. உள்ளே கண்காணிப்பு இருக்கிறது, உடனே தெரிந்துவிடும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொல்லிப் பயனில்லை. நிறுவனம் கொடுக்காத ஏஐ கருவியில் கோடை ஒட்டிக் கேட்பதும் இதே வகைதான்.

ஒரு ரூபாயைப் பின்தொடருங்கள்

அனுமதி வரும்வரை உட்கார்ந்து படிக்க ஒரு பயிற்சி சொல்கிறேன். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதில்தான் தொடங்குவேன்.

மார்க்கெட்டில் கேரட் வாங்கிவிட்டு 120 ரூபாயை யுபிஐயில் செலுத்துகிறீர்கள். கடைக்காரர் போனில் சத்தம் வர இரண்டு மூன்று விநாடி. அதற்குள் என்ன நடந்தது என்று ஒரு வெள்ளைத்தாளில் வரையுங்கள். உங்கள் ஆப், அதன் பின்னால் இருக்கிற வங்கி, நடுவில் யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ, உங்கள் கணக்கு இருக்கிற வங்கி, கடைக்காரரின் வங்கி. எது முதலில் கழிக்கிறது, எது பிறகு சேர்க்கிறது, பதில் எந்த வழியாகத் திரும்பி வருகிறது.

வரைந்து முடித்தபின், ஒவ்வொரு அம்புக்குறியையும் ஒருமுறை விரலால் மறையுங்கள். அந்த இடத்தில் லைன் அறுந்தால் பணம் யாரிடம் இருக்கும்? உங்கள் கணக்கில் கழிந்து, கடைக்காரருக்கு உறுதி வராமல் நின்றால்? இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் காலக்கெடு விதித்துவிட்டது. ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் மறுநாளைக்குள், கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. அதாவது நீங்கள் எழுதப் போகிற ‘ரிவர்சல்’ புரோகிராம் கெடு தாண்டியும் ஒரு நாள் தூங்கிவிட்டால், மாட்டிய ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 100 ரூபாய். இந்தக் கணக்கு மனதில் விழுந்தபிறகு எர்ரர் ஹேண்ட்லிங் எழுதச் சோம்பல் வராது.

இதோடு வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டையும் பாருங்கள். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு கட்டாகச் சேர்த்துத் தீர்க்கிறது, நாளுக்கு 48 கட்டு. ஆர்டிஜிஎஸ் ஒவ்வொன்றாக உடனுக்குடன் தீர்க்கிறது, குறைந்தது 2 லட்சம் இருக்க வேண்டும். முதலாவது 2019 டிசம்பரிலிருந்தும் இரண்டாவது 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் ஓடுகின்றன. ‘ராத்திரி வங்கி மூடிவிடும், அப்போது சர்வரை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பழைய வசதி அதோடு போயிற்று. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணில் 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ‘ஓ’ என்று அடித்துவிட்டு வருகிறவர்களுக்காகவே ஒரு சரிபார்ப்பு எழுத வேண்டியிருக்கும்.

பணத்தை எண்ணாக எழுதும்போது

ஜாவாவிலோ பைத்தானிலோ 0.1-ஐயும் 0.2-ஐயும் சாதாரண தசம எண்ணாகக் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி எண்களை இரண்டடிமானத்தில் வைப்பதால் பத்தில் ஒன்று அதற்குள் முழுதாக அடங்காது. பணத்துக்கு ஃப்ளோட், டபுள் என்ற இந்தத் தசம எண் வகைகளைத் தொடாதீர்கள். ஒன்று, பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். இல்லையென்றால் ஜாவாவில் பிக்டெசிமல் மாதிரி வகையில் வையுங்கள். அதிலும் 0.1 என்பதை எண்ணாகக் கொடுக்காமல் மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுங்கள். எண்ணாகக் கொடுத்தால் பிழையும் கூடவே உள்ளே வந்துவிடும்.

நூறு ரூபாயை மூன்று பேருக்குப் பிரியுங்கள். ஆளுக்கு 33.33. கூட்டினால் 99.99. மீதி ஒரு பைசா யாருக்கு? மகளிர் குழுவில் வட்டி பிரிக்கும்போது அதை உண்டியலில் போட்டுவிடுவார்கள். நிறுவனத்தில் அப்படிப் போட முடியாது. கடைசி ஆளுக்கா, முதல் ஆளுக்கா, தனிக் கணக்குக்கா என்று விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். நீங்களாக முடிவு செய்யாதீர்கள், வணிகப் பிரிவிடம் கேளுங்கள். அரையை எப்படி முழுமையாக்குவது என்பதும் இப்படித்தான்: பள்ளியில் 2.5 என்றால் 3 என்று படித்தோம். பல நிதிக் கணக்குகளில் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளுவார்கள், 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4. எப்போதும் மேலேயே தள்ளினால் லட்சம் வரியில் ஒரு பக்கம் பணம் சாய்ந்துவிடும் என்பதற்காக.

எல்லா நாட்டுப் பணத்துக்கும் இரண்டு தசமம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை. குவைத் தினாருக்கு மூன்று.

இரண்டு தடவை போகக் கூடாது

என் இரண்டாவது வருடம். வெளியே பணம் அனுப்பும் ஒரு சேவையை நான் எழுதியிருந்தேன். எதிர்ப்பக்கம் 30 விநாடிக்குள் பதில் தராவிட்டால் மறுபடி அனுப்பு என்று ஒரு வரி. எனக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. ஒருநாள் எதிர்ப்பக்கம் மெதுவானது. அவர்கள் உத்தரவை வாங்கி வரிசையில் வைத்துவிட்டார்கள், பதில்தான் தாமதம். என் சேவை பதில் வரவில்லை என்று திரும்ப அனுப்பியது. பதினேழு உத்தரவு இரண்டிரண்டு தடவை போயிருந்தன. அன்றிரவு சரிபார்ப்புப் பட்டியலில் ஆபரேஷன்ஸ் அக்கா ஒருவர் அதைப் பிடித்ததால் பணம் வெளியே போகவில்லை. அவர் என்னைத் திட்டவே இல்லை. ‘தம்பி, பதில் வரலைன்னா நடக்கலைன்னு அர்த்தமா?’ என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து பணம் நகர்த்தும் எதைத் தொட்டாலும் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு உத்தரவுக்கும் பிறக்கும்போதே ஓர் அடையாள எண் கொடுங்கள். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே எண் போக வேண்டும். வாங்குகிற பக்கம் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் புதிதாகச் செய்யாமல் பழைய பதிலையே தர வேண்டும். பதில் வராதபோது முதல் வேலை நிலை கேட்பது. மறுபடி அனுப்புவதெல்லாம் அதற்கப்புறம்.

அம்மாவின் இலை நோட்டு

எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பறித்த இலையை ஏஜென்ட் வண்டி வந்து எடை போட்டு எடுத்துப் போகும். சாக்குக்கு இவ்வளவு, மழை நாளென்றால் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து ஒரு சீட்டு தருவார்கள். அம்மா தன் நோட்டில் தனியாக எழுதுவார். மாதக் கடைசியில் ஃபேக்டரி பட்டியலோடு உட்கார்ந்து ஒத்துப் பார்ப்பார். ஒத்துப்போகாத நாளைச் சுற்றி ஒரு வட்டம். மறுநாள் ஏஜென்டிடம் பஞ்சாயத்து.

ரெக்கன்சிலியேஷன் என்று நிறுவனத்தில் சொல்வது இதைத்தான். நம்மிடம் ஒரு கணக்கு, எதிராளியிடம் ஒரு கணக்கு. இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதினால் ஒத்துப்போவதில் அர்த்தமே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைப் பெரிய பெரிய ஆட்களே மறந்துவிட்டு, இரண்டு அறிக்கையையும் ஒரே டேபிளிலிருந்து எடுத்து ‘நூறு சதவீதம் மேட்ச்’ என்று காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் நோட்டில் இன்னொன்று கவனியுங்கள். தப்பாக எழுதிவிட்டால் அழிப்பான் போட மாட்டார். குறுக்கே ஒரு கோடு, அடுத்த வரியில் சரியானது. பழையதும் கண்ணுக்குத் தெரியும். லெட்ஜரும், அதாவது நிறுவனத்தின் கணக்குப் பேரேடும், அப்படித்தான். தப்பான பதிவை அழிக்கவோ மாற்றவோ மாட்டோம். எதிர்ப்பதிவு போட்டு முதலில் நேர் செய்து, பிறகு சரியான பதிவு. கல்லூரியில் அப்டேட், டெலிட் என்று கை பழகி வந்திருப்பீர்கள். இங்கே புரொடக்‌ஷன் டேட்டாபேஸில், அதாவது வாடிக்கையாளர்களின் உண்மையான கணக்கு ஓடுகிற இடத்தில், ஒரு வரியை நேராக மாற்றுவது என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அவசரம் என்றால் அதற்குத் தனி அனுமதி, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறக்கும் தற்காலிக ஐடி, நீங்கள் அடித்தது எல்லாம் பதிவாகும், பக்கத்தில் இன்னொரு ஆள்.

ஒருவர் செய்ய, இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற வழக்கத்துக்கு மேக்கர் செக்கர் என்று பெயர். முதலில் நம்மை நம்பவில்லையோ என்று தோன்றும். பதினேழு உத்தரவு கதைக்குப் பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மாற்றம் போடும் நாள்

அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்று ஒரு பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்ட் 1 காலை, புதிய மென்பொருளோடு சந்தையில் இறங்கியது. மொத்தம் எட்டு சர்வர். புதிய கோடு ஏழில்தான் ஏறியிருந்தது. போட்டவர் ஒன்றை விட்டுவிட்டார், இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. விடுபட்ட எட்டாவது சர்வரில் பல வருடமாகப் பயன்படாத ஒரு பழைய பகுதி அப்படியே கிடந்தது. புதிய கோடுக்காக எடுத்துக்கொண்ட கொடி (ஒரு பகுதியை இயக்கும் சுவிட்ச் மாதிரி), அந்தப் பழைய பகுதியை எழுப்பும் கொடியாகவும் இருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு லட்சக்கணக்கில் ஆர்டர் போட்டது. தடுக்கப் போனவர்கள் பதற்றத்தில் ஒழுங்காக இருந்த ஏழு சர்வரிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட, பழைய பகுதி எல்லாவற்றிலும் ஓட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடம். 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். சந்தை திறப்பதற்கு முன்பே இந்தக் கோளாறைச் சுட்டி 97 தானியங்கி மெயில்கள் உள்ளுக்குள் வந்திருந்தன. யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்த ஒரு கதைக்குள் நீங்கள் திட்டப் போகிற எல்லா விதியும் இருக்கிறது. மாற்றக் கோரிக்கை படிவம் ஏன், இரண்டாவது கண் ஏன், பயன்படாத கோடை ஏன் நீக்க வேண்டும், எச்சரிக்கை மெயிலுக்கு ஏன் ஒரு பொறுப்பாளர் பெயர் வேண்டும், திரும்பப் பெறும் திட்டத்தை ஏன் முன்பே ஒத்திகை பார்க்க வேண்டும்.

படிவம் நிரப்பும்போது புதியவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்: ‘பிரச்சினை வந்தால் பழைய வெர்ஷனைப் போடுவோம்.’ இது திட்டமில்லை. நான் எழுதச் சொல்வது இது மாதிரி: ‘இரவு 11.40-க்குள் நான்கு சர்வரிலும் வெர்ஷன் எண் சரிபார்க்கப்படும். 11.50 வரை தோல்வி எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் இன்னார் முடிவெடுப்பார். முதலில் உள்ளே வரும் உத்தரவுகள் நிறுத்தப்படும். பிறகு நான்கிலும் முந்தைய வெர்ஷன். டேபிளில் சேர்த்த புதிய நெடுவரிசை அப்படியே விடப்படும், பழைய கோடு அதைத் தொடாது. இந்த வரிசை செவ்வாய்க்கிழமை சோதனைச் சூழலில் செய்து பார்க்கப்பட்டது.’ தூக்கக் கலக்கத்தில் வேறொருவர் எடுத்துப் படித்தாலும் செய்ய முடிய வேண்டும்.

மார்ச் 31-ஐ ஒட்டியும் டிசம்பர் கடைசியிலும் மாற்றமே போடக் கூடாத நாட்கள் வரும். ஊருக்கு வர லீவு போட நல்ல காலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்மவர்கள் தலையாட்டிவிடுவார்கள். தலையாட்டாதீர்கள், திங்கள் என்று சொல்லுங்கள்.

மலை வீட்டிலிருந்து ஆன்கால் பார்ப்பது

ஆன்கால் என்றால், வேலை நேரம் முடிந்தபிறகும் சிஸ்டத்தில் கோளாறு வந்தால் போனை எடுத்துப் பார்க்க வேண்டிய முறை. மலையிலிருந்து இதை எப்படிப் பார்ப்பது என்று சமவெளிக்காரர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.

முதலில் அனுமதி. வீட்டிலிருந்து வேலை என்றால் நிறுவனப் பதிவில் இருக்கிற அந்த வீட்டிலிருந்து என்று அர்த்தம். குன்னூர் கஃபேயில் உட்கார்ந்து வைஃபை போட்டுப் பார்ப்பதோ, மாமா ஹோம்ஸ்டேயில் விருந்தாளிகள் நடமாடும் ஹாலில் திரையைத் திறந்து வைப்பதோ சேராது. கதவு சாத்துகிற ஒரு அறை வேண்டும், திரை ஜன்னலைப் பார்த்தபடி இருக்கக் கூடாது.

மழை எந்தப் பக்கம் எப்போது வரும் என்று நமக்குத் தெரியும், டீமுக்குத் தெரியாது. கூடலூர், உதகையின் மேற்குப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பரில் எங்கள் பக்கம் மண் சரிந்தபோது பல நாள் ரோடே இல்லை. ஆன்கால் பட்டியல் போடும்போது இதைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்: நான் நவம்பரில் என் முறையைச் சென்னை ஆளுக்குக் கொடுத்துவிட்டு ஏப்ரல், மே இரண்டையும் எடுத்துக்கொள்வேன். அவருக்கும் சந்தோஷம், வெயிலில் கரண்ட் போய்க் கஷ்டப்படுவது அவர்தானே.

ஃபைபர் ஒன்று, வேறு கம்பெனி சிம்மில் டாங்கிள் ஒன்று. இரண்டு ஃபைபர் எடுத்தாலும் இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரு சில்வர் ஓக் விழுந்து இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும். கம்பத்தை நடந்து போய்ப் பாருங்கள். இன்வெர்ட்டரில் லேப்டாப்பை மட்டும் போட்டால் போதாது, ரௌட்டரும் அதே லைனில் இருக்க வேண்டும். இதை நான் இருட்டில் உட்கார்ந்து கற்றேன். இடி இடித்தால் ஃபைபர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டாங்கிளுக்கு மாறுங்கள். பனிமூட்ட மாதங்களில் லேப்டாப்பை இரவு திறந்து வைக்காதீர்கள், பையில் சிலிகா ஜெல் போட்டு மூடுங்கள்.

சிக்னல் இல்லையென்று ராத்திரி பதினொரு மணிக்கு ரோட்டு வளைவுவரை போனைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பழக்கம் வேண்டாம். காட்டுமாடு டார்ச் வெளிச்சத்துக்கு ஒதுங்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு. லைன் போனால் வீட்டுக்குள் இருந்தபடியே எஸ்எம்எஸ்ஸில் இரண்டாவது ஆளுக்கு ஒப்படைக்க முடிகிற மாதிரி முன்பே பேசி வையுங்கள். ‘எனக்கு லைன் போச்சு, நீங்க எடுத்துக்குங்க’ என்று சொல்வதில் வெட்கமில்லை. சொல்லாமல் இருபது நிமிடம் முயற்சி செய்வதுதான் கெடுதல்.

வெளிநாட்டு டீமென்றால் கடிகாரம் வருடத்துக்கு இரண்டு முறை நகரும். நியூயார்க்கில் காலை 9 மணி நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. அவர்கள் மார்ச் இரண்டாவது ஞாயிறு மாற்றுகிறார்கள், லண்டன்காரர்கள் மார்ச் கடைசி ஞாயிறு. இடையிலுள்ள இரண்டு மூன்று வாரம் எல்லா மீட்டிங்கும் குழம்பும், நேரம் பார்த்து ஓடும் இரவு வேலைகளும் சேர்ந்து குழம்பும். காலண்டரில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பங்குகள் 2024 மே 28 முதல் மறுநாளே தீர்வாவதால் (பணமும் பங்கும் கைமாறிவிடுவதால்) அவர்களுக்கு இரவில் இருந்த நேரம் சுருங்கிவிட்டது. அந்த அவசரம் நம் போனில்தான் அடிக்கும்.

சொந்தக்காரர்கள்

வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவன் என்று தெரிந்தால் ஊருக்கு நீங்கள்தான் வங்கி. யுபிஐ தோற்றாலும் ஏடிஎம்மில் பணம் சிக்கினாலும் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். வழி சொல்லி அனுப்புங்கள். ஆனால் ‘நீதான் உள்ளே இருக்கியே, அவன் கணக்குல எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்லேன், பொண்ணு குடுக்கிற விஷயம்’ என்று சித்தப்பா கேட்டால், சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லுங்கள். யார் எந்தக் கணக்கைத் திறந்தார்கள் என்பது பதிவாகும். வேலைக்குத் தேவையில்லாமல் ஒரு பெயரைத் தேடினாலே வேலை போகும். சித்தப்பா ஒரு வருடம் பேசாமல் இருப்பார், பரவாயில்லை.

எதைக் கற்பது

சுருக்கமாகச் சொன்னால் எஸ்கியூஎல், டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழி. ஜாவா எல்லோருக்கும் வரும். மூன்று டேபிளைச் சேர்த்து எந்த வரி தொலைந்தது என்று கண்டுபிடிக்கிறவர்தான் ராத்திரி தேவைப்படுவார். லினக்ஸில் லாக் (சிஸ்டம் எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பு) படிக்கப் பழகுங்கள். நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் செய்திகள் இப்போது ஐஎஸ்ஓ 20022 வடிவத்துக்கு மாறிவிட்டதால் அதன் ஒரு மாதிரிச் செய்தியை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். கோபால் (COBOL) என்ற கணினி மொழியின் பெயரைக் கேட்டால் சிரிக்காதீர்கள். 1959-இல் பிறந்த மொழி, இன்னும் பல வங்கிகளில் இரவுக் கணக்கை அதுதான் முடிக்கிறது. அதை எழுதிய பெரியவர்கள் ஓய்வுபெறும் முன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டிங்கில் ‘ஓகே, ஷ்யூர்’ என்று முடிப்பது நம் வழக்கம். புரியாமலும் அதையே சொல்வோம். ‘நான் புரிந்துகொண்டது இது, சரியா?’ என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் அந்த இரண்டு வரி காப்பாற்றும்.

கட்டாய விடுப்பு, கடைசி நாள்

வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வருடத்தில் ஒருமுறை சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள், முன்னறிவிப்பில்லாமல் விடுப்பு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. ஒருவர் தினமும் வந்து மூடி மறைக்கிற தில்லுமுல்லு அவர் இல்லாத நாட்களில்தான் வெளியே வரும். உங்களுக்குப் புரொடக்‌ஷன் அனுமதி இருந்தால் நிறுவனம் உங்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அந்த நாட்களில் மெயில்கூடத் திறக்காது. ‘ஒரே ஒரு நிமிஷம்’ என்று டீம் கூப்பிட்டாலும் சொந்த போனில் வேலை பேசாதீர்கள். உங்கள் குறிப்புகள் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கின்றனவா என்று விடுப்பு வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடும்போது பல இடங்களில் 90 நாள் நோட்டீஸ். எழுதிய கோடு உங்களுடையதில்லை. ஒரு வரிகூட எடுத்துப் போகாதீர்கள், சொந்த பென்டிரைவில் ‘மாதிரிக்கு’ என்றுகூட வேண்டாம். லேப்டாப்பைக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். அது வந்த அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த ஃபோமையும் முதல் நாளே பரணில் பத்திரமாக வையுங்கள். கோத்தகிரியில் அந்த அளவுப் பெட்டி தேடி நான் நாலு கடை ஏறினேன்; கடைசியில் தேயிலைத் தூள் பெட்டியில் வைத்து, சுற்றிலும் அம்மாவின் பழைய ஸ்வெட்டரைத் திணித்துத்தான் அனுப்பினேன். அது பழுதுக்கு அனுப்பிய லேப்டாப்தான், வேலையை விட்டபோது அல்ல. பெங்களூரில் பெட்டியைத் திறந்தவர் போன் செய்து, ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டார்.